தொடங்க மறுக்கும் சேர்வர்: தொடக்க நிரலின் கோளாறுகளை அறிகுறியைக் கொண்டு கண்டறிதல்

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளின் அறைப் பதிவையும் புறாத் தீவுக்குச் செல்லும் படகுகளின் இருக்கைப் பதிவையும் சேர்த்துக் கவனிக்கும் ஒரு செயலியை, திருகோணமலை நகரில் உள்ள சிறிய அலுவலகமொன்றிலிருந்து பராமரித்து வருகிறோம். நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்குவது), எக்ஸ்பிரஸ் (இணையக் கோரிக்கைகளைக் கவனிக்கும் நூலகம்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்) ஆகியவற்றைக் கொண்டு உபுண்டு என்ற லினக்ஸ் சேர்வரில் ஓடும் அச்செயலி அறைகள், படகுகள், கட்டணம், குறுஞ்செய்தி, அறிக்கை என ஐந்து மொடியூல்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஓடத் தொடங்கிய பின் அது அதிகம் தொல்லை தருவதில்லை. தொல்லையெல்லாம் ஓடத் தொடங்கும் முதற் சில விநாடிகளில்தான். ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பத் திருத்தியதில், மேசைக்கு மேலே ஒட்டியிருந்த ஒரு தாள் வளர்ந்து இந்த வழிமுறையாயிற்று.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. சேர்வரின் நிகழ்வுப் பதிவேட்டை ஜர்னல்சிடிஎல் கட்டளையால் திறந்து, கடைசிப் பிழையை விட்டுவிட்டு, அந்தத் தொடக்க முயற்சியின் முதற் பிழையைத் தேடிப் படிக்க வேண்டும்; பின்னால் வருபவை பெரும்பாலும் முதற் பிழையின் எதிரொலிகளே. அடுத்ததாக, சேவை (பின்னணியில் இயங்குமாறு சேர்வரில் பதியப்பட்ட செயலி) எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அதே கணக்கில், அதே கோப்புறையிலிருந்து, செயலியைக் கையால் இயக்கிப் பார்க்க வேண்டும். எல்லா அனுமதிகளும் உள்ள ரூட் கணக்கில் இயக்கிப் பார்த்துவிட்டு "எனக்கு ஓடுகிறதே" என்று சொல்வதால் எதுவும் தெரியவராது.

அறிகுறி 1: மின்தடைக்குப் பின் செயலி தானாக எழவில்லை, கையால் இயக்கினால் உடனே ஓடுகிறது

எங்களுக்கு அதிகம் வந்த கோளாறு இதுவே. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோதும் இப்படித்தான் நடந்தது. மின்சாரம் திரும்பியதும் அலுவலகத்திலிருந்த சேர்வர் தானாகவே எழுந்துவிட்டது, தரவுத்தளமும் எழுந்துவிட்டது, செயலி மட்டும் படுத்தேயிருந்தது. வாடைக்காற்றுக் காலம் என்பதால் படகுப் பதிவுகள் இல்லை, அதனால் தப்பினோம்.

சேவை இயந்திரத்துடன் சேர்ந்து தொடங்குமாறு பதியப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சேவையைத் தொடங்குவது வேறு, அதை ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் தொடங்குமாறு இயலுமைப்படுத்துவது வேறு. அவசரத்தில் நிறுவியவர் இரண்டாவதை மறந்திருப்பார்.

அது சரியாக இருந்தால், பதிவேட்டில் "தொடக்கக் கோரிக்கை மிக விரைவாக மீண்டும் மீண்டும் வந்தது" என்ற பொருளுடைய வரி இருக்கிறதா எனத் தேடுங்கள். சிஸ்டம்டியின் இயல்பான அமைப்பில், ஒரு சேவை 10 விநாடிகளுக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முற்பட்டால் அது கைவிடப்படும். தோல்வியடைந்தால் மீண்டும் தொடங்கு என்று நீங்கள் சொல்லியிருந்தாலும், இயல்பான இடைவெளி 100 மில்லி விநாடி மட்டுமே என்பதால், தரவுத்தளம் கண்விழிப்பதற்குள் ஐந்து வாய்ப்புகளும் தீர்ந்துவிடும். மீள்தொடக்க இடைவெளியை 5 விநாடிக்கு உயர்த்தி, தொடக்க எல்லைக்கான கால அளவைச் சுழியமாக்கினால் சேவை விடாமல் முயலும். பல தடவைகளில் இந்த இரண்டு வரிகளே போதுமாயிருந்தன.

மூன்றாவது காரணம் சற்று ஏமாற்றுவது. சேவைக் கோப்பில் "போஸ்ட்கிரெஸுக்குப் பின்" என்று எழுதியிருப்பீர்கள். எனினும் டெபியன், உபுண்டு ஆகியவற்றில் போஸ்ட்கிரெஸ் என்ற பொதுப் பெயரில் உள்ள சேவை வெறும் பெயர்ப்பலகை மட்டுமே. உண்மையான தரவுத்தளம் பதிப்பு எண்ணையும் கிளஸ்டர் எனப்படும் தரவுத்தளத் தொகுதியின் பெயரையும் தாங்கிய வேறொரு சேவையாக ஓடுகிறது. பெயர்ப்பலகையின் நிலையைக் கேட்டால், தரவுத்தளம் செத்துக்கிடந்தாலும் அது "செயலில் உள்ளது, வெளியேறிவிட்டது" என்றே பதில் சொல்லும். நிலையைப் பார்க்கும்போது கிளஸ்டரின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். தரவுத்தளம் வேறு இயந்திரத்தில் இருந்தால், "பின்" என்ற சொல்லுக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு சிஸ்டம்டிக்கு மற்றொரு இயந்திரத்தின் நிலை தெரியாது. செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டொக்கர் கொம்போஸில் "சார்ந்திருக்கிறது" என்று மட்டும் எழுதினாலும் இதே கதைதான்: கொள்கலன் தொடங்கியதா என்பதையே அது பார்க்கும், உள்ளே இருப்பது பதில் சொல்லத் தயாரா என்பதைப் பார்க்காது. நலச் சோதனையை வரையறுத்து, நலமாக இருந்தால் மட்டுமே தொடங்கு என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

திடீரென மின்சாரம் அறுந்தால், போஸ்ட்கிரெஸ் எழும்போது தன் முன்னெழுத்துக் குறிப்புகளை (மாற்றங்களைத் தரவுக் கோப்பில் இடுமுன் எழுதிவைத்தவை) மறுபடி வாசித்து மீளும். அந்த நேரத்தில் இணைப்புக் கேட்பவருக்கு "தரவுத்தளம் தொடங்கிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லித் திருப்பி அனுப்பும். இதைத் தாங்கும் வேலையைத் தொடக்க நிரலிலேயே வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. தொடக்கக் கோப்பில் ஒரே இடத்தில் தரவுத்தளத்தை அழைத்து, தோற்றால் 1, 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டி மீண்டும் முயன்று, ஒவ்வொரு முயற்சியையும் பதிவேட்டில் எழுதி, ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்குப் பின்னும் முடியாவிட்டால் தெளிவான செய்தியுடன் வெளியேறும் சிறு சார்பு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) ஒன்று போதும். ஐந்து மொடியூல்களிலும் ஐந்து விதமாக இதை எழுதி வைத்திருந்த காலத்தில், எது விழுந்தது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று.

மின்தடையின் இன்னொரு பிள்ளை, பிழையான கடிகாரம். பழைய இயந்திரத்தின் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் செத்திருந்தால், இயந்திரம் பழைய ஆண்டொன்றில் எழும். அப்போது கட்டண வாயிலுடனான பாதுகாப்பு இணைப்பு "சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று விழும். திகதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தச் சிஆர் 2032 மின்கலம் கைக்கடிகாரம் திருத்தும் கடையிலும் கிடைக்கும்.

வல்லுநரை அழைக்க வேண்டிய இடம்: போஸ்ட்கிரெஸின் பதிவேட்டில், செல்லுபடியாகும் சோதனைப்புள்ளிப் பதிவைக் காணவில்லை என்ற பீதிச் செய்தி இருந்தாலோ, கேர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) செய்திகளில் வட்டின் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள் இருந்தாலோ கையை எடுத்துவிடுங்கள். முன்னெழுத்துக் குறிப்புகளை அழித்து மீளமைக்கும் கருவியை இணையத்தில் பார்த்து ஓட்டினால் தரவுத்தளம் எழக்கூடும், ஆனால் அதனுள் உள்ள பதிவுகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. தரவுக் கோப்புறையை அப்படியே முழுமையாகப் படியெடுத்துவிட்டுத் தரவுத்தள நிர்வாகி ஒருவரை அழைப்பதே வழி.

அறிகுறி 2: "இது ஒரு சார்பு அல்ல", "வரையறுக்கப்படவில்லை", "தொடக்கப்படுத்தும் முன் அணுக முடியாது"

கோப்பைத் திறந்தால் சார்பு அங்கே இருக்கிறது, பிற கோப்புகள் பயன்படுத்துமாறு ஏற்றுமதியும் செய்யப்பட்டிருக்கிறது; ஆனால் தொடக்கத்தின்போது நோட் அதைக் காணவில்லை.

அ) மடிகணினியில் ஓடுகிறது, சேர்வரில் மட்டும் கோப்பே இல்லை என்கிறது. விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே, லினக்ஸில் வேறுவேறு. இறக்குமதி வரியில் உள்ள பெயரையும் சேர்வரில் உள்ள பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பெயரைத் திருத்தியும் மாறாவிட்டால், நிரலின் பதிப்புகளைக் காக்கும் கிட் அந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை என்று பொருள். கிட்டின் பெயர்மாற்றக் கட்டளையாலேயே மாற்றுங்கள்.

ஆ) கோப்பு கிடைக்கிறது, உள்ளிருக்கும் பெயர் மட்டும் காலி. இயல்புநிலை ஏற்றுமதியையும் பெயரிட்ட ஏற்றுமதியையும் மாற்றி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இறக்குமதி செய்ததை அப்படியே அச்சிட்டால் ஒரு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

இ) இரண்டும் இல்லையென்றால், வட்டச் சார்பு, அதாவது மொடியூல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது. எங்கள் செயலியில் அறைகள் மொடியூல் முற்பணத்தைச் சரிபார்க்கக் கட்டணத்தை இறக்குமதி செய்தது. கட்டணம், பணம் திருப்பிக் கொடுக்கும்போது அறையை விடுவிக்க அறைகளை இறக்குமதி செய்தது. மொடியூல்களை இணைக்கும் பழைய கொமன்ஜேஎஸ் முறையில் இப்படி வட்டம் விழும்போது, நோட் முடிவடையாத கோப்பின் அரைகுறை ஏற்றுமதியைக் கையில் தந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்; அதனால்தான் "சார்பு அல்ல" என்ற செய்தி. புதிய ஈஎஸ் மொடியூல் முறையில் "தொடக்கப்படுத்தும் முன் அணுக முடியாது" என்று வெளிப்படையாகவே விழும். எனக்கு இதுதான் பிடிக்கும், பொய் சொல்லாத பிழை என்பதால்.

சோதிக்க, இரு கோப்புகளின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் பெயரை அச்சிடுங்கள். ஒன்றின் கடைசி வரி அச்சாகும் முன் மற்றதன் கடைசி வரி அச்சாகி, முதலாவதைத் தேடிப் பிழை வந்தால் வட்டம் உறுதி. மொடியூல்கள் பல என்றால், மேட்ஜ் என்ற கருவியை வட்டங்களை மட்டும் காட்டுமாறு ஓட்டினால் பட்டியலே தந்துவிடும்.

இறக்குமதி வரிகளின் வரிசையை மாற்றிப் பார்த்தால் பல வேளைகளில் பிழை மறையும். அதை நம்ப வேண்டாம். அடுத்த மாதம் ஒருவர் ஆறாவது கோப்பைச் சேர்க்கும்போது அது திரும்பி வரும். இறக்குமதியைச் சார்பின் உள்ளே நகர்த்துவதும் பஞ்சு வைத்துக் கட்டுவது போன்றதே, வாடிக்கையாளர் தொலைபேசியில் காத்திருக்கும்போது மட்டும் செய்யலாம். நிலையான திருத்தம் இதுதான்: ஒவ்வொரு மொடியூலும் தனக்குத் தேவையானதை இறக்குமதி செய்யாமல், தன்னை உருவாக்கும் சார்பின் அளவுருவாகப் பெற்றுக்கொள்ள வேண்டும், தொடக்கக் கோப்பு மட்டுமே எல்லோரையும் அறிந்து, முதலில் அறைகளை உருவாக்கி, அதைக் கட்டணத்திடம் கொடுத்து, அறையை விடுவிக்கும் வேலையைக் கட்டணம் கேட்டுப் பெறும்படி இணைக்க வேண்டும். முற்பணச் சரிபார்ப்பு இரண்டுக்கும் பொதுவானது என்றால் அதை மூன்றாவது கோப்புக்கு எடுத்துவிடுங்கள். மேட்ஜ் காட்டும் வட்டங்கள் நான்கைந்து மொடியூல்களை ஊடறுத்துச் சென்றால், அனுபவமுள்ள நிரலாளர் ஒருவரை ஓரிரு நாள் அமர்த்திக்கொள்வது, நீங்கள் இரு வாரம் மல்லுக்கட்டுவதைவிடச் சிக்கனமானது.

அறிகுறி 3: கடவுச்சொல்லும் முகவரியும் கோப்பில் இருந்தும் செயலிக்குக் காலியாகத் தெரிகின்றன

கையால் இயக்கும்போது ஓடி, சேவையாக இயக்கும்போது மட்டும் காலி என்றால், கோப்புறையே காரணம். கடவுச்சொல், முகவரி போன்ற சூழல் மாறிகளை வாசிக்கும் டொட்என்வ் நூலகம், செயலி எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கப்பட்டதோ அங்கேயே கோப்பைத் தேடும். சிஸ்டம்டி வேறு சொல்லாவிட்டால் / எனும் மூலக் கோப்புறையிலிருந்தே தொடங்கும். சேவைக் கோப்பில் பணிக் கோப்புறையைக் குறிப்பிட்டால் போதும்.

கடவுச்சொல்லின் பாதி மட்டும் வருகிறது என்றால், அதற்குள் # குறி இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கோளுக்குள் இடாவிட்டால் அக்குறிக்குப் பின் உள்ளது குறிப்புரையாகக் கழிக்கப்படலாம்.

எல்லா இடத்திலும் காலி என்றால் வரிசைக் கோளாறு. ஈஎஸ் மொடியூல்களில், இறக்குமதி வரிகளை எங்கே எழுதினாலும், கோப்பின் மற்ற வரிகளுக்கு முன்பே அவை நிறைவேறிவிடும். நீங்கள் முதல் வரியில் சூழல் மாறிகளை ஏற்றி இரண்டாவது வரியில் தரவுத்தள மொடியூலை இறக்குமதி செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் தரவுத்தளமே முதலில் ஓடி, காலியான முகவரியை எடுத்துக்கொண்டிருக்கும். ஏற்றும் வேலையையும் ஓர் இறக்குமதியாகவே முதலில் வைக்கலாம், அல்லது நோட் 20.6 முதல் உள்ள சூழற்கோப்புத் தெரிவைத் தொடக்கக் கட்டளையிலேயே கொடுக்கலாம். நாங்கள் இன்னும் ஒரு படி சென்று, எல்லா மாறிகளையும் ஒரே அமைப்புக் கோப்பில் மட்டும் வாசித்து, இல்லாதவற்றின் பெயர்களை மொத்தமாகப் பட்டியலிட்டு அங்கேயே நின்றுவிடுமாறு செய்துள்ளோம். ஒன்றைத் திருத்தினால் அடுத்தது தெரியவரும் அவஸ்தை அதோடு நின்றது.

அறிகுறி 4: போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது

துறைமுக ஊரில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கொள்வோர் உண்டு; இங்கே செயலி கோரிக்கைகளைக் கேட்கும் வாயிலின் 3000 போன்ற எண் மட்டுமே. எஸ்எஸ் கட்டளையால் அந்த எண்ணை யார் பிடித்திருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் நேற்று மூடாமல் விட்ட உங்கள் சொந்தச் செயலிதான். 1024 க்குக் கீழான எண்ணுக்கு அனுமதி மறுப்பு வந்தால், ரூட்டாக ஓட்டாமல், முன்னால் கோரிக்கைகளைப் பெற்றுச் செயலிக்கு அனுப்பும் என்ஜின்எக்ஸை வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகளை ஓட்டும்போது மட்டும் இப்பிழை வந்தால், செயலியை அமைக்கும் கோப்பே போர்ட்டையும் திறக்கிறது என்று பொருள். அமைப்பது ஒரு கோப்பிலும் கேட்கத் தொடங்குவது மற்றொரு கோப்பிலும் இருக்கட்டும்.

அறிகுறி 5: எழுந்துவிட்டது, ஆனால் முதற் கோரிக்கைகள் விழுகின்றன

படகுப் பதிவு மட்டும் "பக்கம் இல்லை" என்கிறது, மற்றவை சரி என்றால், எல்லாவற்றையும் பிடிக்கும் "இல்லை" வழித்தடம் (எந்த முகவரிக்கு எது பதில் சொல்லும் என்ற விதி) படகுகள் மொடியூலுக்கு முன்பே சேர்க்கப்பட்டிருக்கும். எக்ஸ்பிரஸ், சேர்த்த வரிசையிலேயே பார்க்கும். கோரிக்கையின் உடல் காலியாக வந்தால், அதை வாசிக்கும் இடைநிரல் (கோரிக்கையை இடையில் கையாளும் நிரல்) வழித்தடங்களுக்குப் பின் விழுந்திருக்கும். பிழை கையாளும் இடைநிரல் கடைசியில் இருக்க வேண்டும்.

மறுதொடக்கத்தின் பின் முதல் அரை நிமிடம் மட்டும் பிழை வந்து பின் சரியானால், தரவுத்தளம் தயாராகும் முன் போர்ட் திறக்கப்படுகிறது. கேட்கத் தொடங்கும் வரி, தொடக்கக் கோப்பின் கடைசி வரியாக இருக்க வேண்டும்.

அறிகுறி 6: ஒரே வேலை இரு முறை நடக்கிறது, அல்லது "இணைப்புகள் மிகையாகிவிட்டன" என்கிறது

காலை ஏழு மணிப் படகுக்கான நினைவூட்டல் ஒருவருக்கு நான்கு முறை போனதாக விடுதியொன்றிலிருந்து முறைப்பாடு வந்தது. சேர்வரின் நான்கு கருக்களையும் (தனித்தனியாகக் கணிக்கும் பகுதிகள்) பயன்படுத்தலாமே என்று பிஎம்2 என்ற நிர்வாகக் கருவி மூலம் நான்கு பிரதிகள் ஓடவிட்டிருந்தோம். குறுஞ்செய்தி மொடியூலோ, ஏற்றப்பட்டவுடனேயே நேரஅட்டவணையைத் தொடங்கும்படி எழுதப்பட்டிருந்தது. பிரதி நான்கு, அட்டவணையும் நான்கு.

முதலில் எத்தனை புரோசஸ்கள் (செயலியின் பிரதிகள்) ஓடுகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் என்றால், பிஎம்2 ஒவ்வொரு பிரதிக்கும் தரும் வரிசை எண்ணைப் பார்த்துச் சுழியத்தில் மட்டும் அட்டவணையைத் தொடங்குவது மலிவான திருத்தம். அட்டவணைக்கென்று தனிப் புரோசஸும் அதற்கென்று தனித் தொடக்கக் கோப்பும் வைப்பது நல்ல திருத்தம். தரவுத்தள அமைப்பு மாற்றங்கள் தொடக்கத்தின்போது ஓடுமானால் அவையும் இப்படி மோதும். போஸ்ட்கிரெஸின் ஆலோசனைப் பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடியது) பிடித்தவர் மட்டும் மாற்றத்தை நிகழ்த்தட்டும். நேரம் ஐந்தரை மணி தள்ளிப் போகிறது என்றால் அது வேறு கோளாறு: சேர்வர் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, அட்டவணைக்கு ஆசியா/கொழும்பு என்ற நேரவலயத்தைக் கொடுங்கள்.

இணைப்புகள் மிகையாவதன் கணக்கு எளியது. நோடின் போஸ்ட்கிரெஸ் நூலகத்தில் ஓர் இணைப்புக் குளம் (திறந்து வைத்துப் பகிரும் இணைப்புகளின் தொகுதி) இயல்பாக 10 இணைப்புகள் வரை திறக்கும், எங்கள் ஐந்து மொடியூல்களும் தனித்தனிக் குளம் வைத்திருந்தன, நான்கு பிரதிகள். மொத்தம் 200. போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஏற்பது 100. தரவுத்தளத்தின் எல்லையை உயர்த்துவதற்கு முன், தொடக்கக் கோப்பில் ஒரே குளத்தை உருவாக்கி ஐந்துக்கும் பகிர்ந்தோம். எண்ணிக்கை 40 ஆயிற்று. ஒரே குளம் வைத்த பின்னும் எல்லை முட்டினால் தரவுத்தள நிர்வாகியிடம் கேளுங்கள், நினைவகத்தைக் கணக்கிடாமல் எல்லையை உயர்த்துவது புதிய கோளாறை வரவழைக்கும்.

அறிகுறி 7: பிழையும் இல்லை, செயலியும் இல்லை

அ) உடனே நின்றுவிடுகிறது. வெளியேற்றக் குறியீட்டைப் பாருங்கள். சுழியம் என்றால், செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை என்று நோட் கருதியிருக்கிறது. கேட்கத் தொடங்கும் வரியைச் செயலி எட்டவேயில்லை. 13 என்றால், மேல்மட்டத்தில் காத்திருந்த வாக்குறுதி (பின்னர் விடை தரும் வேலை) ஒன்று நிறைவேறவே இல்லை. நோட் 15 க்கு முந்தைய பதிப்பு ஓடுகிறதென்றால், கையாளப்படாத நிராகரிப்பு (வாக்குறுதியின் தோல்வி) வெறும் எச்சரிக்கையாக வந்து போயிருக்கும்; 15 முதல் அது செயலியையே நிறுத்தும். பதிப்பை உயர்த்தியவுடன் "செயலி கெட்டுவிட்டது" என்று தோன்றுவதற்கு இதுவே காரணம், பிழை முன்பிருந்தே அங்கிருந்தது.

ஆ) நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. தொடக்கக் கோப்பில் ஒவ்வொரு படிக்கும் முன்பும் பின்பும் நேரத்துடன் ஒரு வரி எழுதச் செய்யுங்கள். எந்தப் படியில் மௌனம் என்று தெரியும். எங்களுக்கு எப்போதும் தரவுத்தள இணைப்புப் படிதான். நோடின் போஸ்ட்கிரெஸ் நூலகத்தில் இணைப்புக்கான காலவரம்பு இயல்பாகவே இல்லை, ஆகவே தீச்சுவர் (வலையமைப்பின் பாதுகாப்புத் தடுப்பு) தரவுப் பொட்டலங்களைப் பேசாமல் விழுங்கினால் செயலி நெடுநேரம் காத்திருக்கும். காலவரம்பை 5 விநாடியாக வையுங்கள்.

உடனே "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று வந்து அருகில் ::1 என்ற முகவரி தெரிந்தால், நோட் 17 முதல் அதே இயந்திரத்தைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6 முகவரியாக முதலில் தீர்க்கப்படலாம் என்பதே காரணம், 127.0.0.1 என்று எண்ணாகவே எழுதிவிடுங்கள்.

காலவரம்பு தீர்ந்து விழுகிறது, அதே சேர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸின் பிஎஸ்க்யூஎல் கருவியாலும் தரவுத்தளத்தை எட்ட முடியவில்லை என்றால், கோளாறு உங்கள் நிரலில் இல்லை. சேர்வர் வழங்குநரையோ வலையமைப்புப் பொறுப்பாளரையோ அழைக்கும்போது, புறப்பட்ட முகவரி, சேரவேண்டிய முகவரியும் போர்ட்டும், தோல்வி நேர்ந்த துல்லியமான நேரம், கடைசியாக அது ஓடிய நாள் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். இவை இல்லாமல் அழைத்தால், சேர்வரை ஒருமுறை அணைத்து மீண்டும் போடுங்கள் என்ற பதிலுடன் தொலைபேசி வைக்கப்படும்.